கிரீஸ் யூரோவை விட்டுப் போயிருந்தால்? கடனும் பொது நாணயமும், ஓர் எளிய விளக்கம்

2015 ஜூலையில் ஏதென்ஸ் நகர ஏடிஎம் வாசல்களில் மக்கள் வரிசையில் நின்ற காட்சிகள் நம் ஊர்த் தொலைக்காட்சிகளிலும் ஓடின. அந்த வாரம் என் காதில் விழுந்த பேச்சு இரண்டு வகை. "கடன் கட்டாததால் கிரீஸை யூரோவிலிருந்து துரத்தப் போகிறார்களாம்" என்பது ஒன்று. "சொந்தமாக நோட்டு அச்சடித்துக்கொண்டால் தீர்ந்தது, இதற்கு எதற்கு இவ்வளவு கூத்து?" என்பது இன்னொன்று. எந்த நாட்டின் கடனைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இந்த இரண்டும் இன்னும் தலைகாட்டுகின்றன. முதலாவது தவறு. இரண்டாவதில் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் கஷ்டமான பகுதியை அது அப்படியே தாண்டிப் போய்விடுகிறது. அந்தக் கஷ்டமான பகுதிக்காகத்தான் இந்தக் கட்டுரை. பொருளாதாரம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

கூட்டுக் கிணறு, ஒரே மோட்டார்

நாலு பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு கிணறு. மோட்டார் ஒன்றுதான். சுவிட்ச் போடும் பொறுப்பு பொதுவான ஓர் ஆளிடம். மோட்டார் ஓடினால் நாலு வயலுக்கும் ஒரே அளவு தண்ணீர் பாயும், மடையைத் திருப்பிவிட வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் (விவசாயிகள் மன்னிக்க). ஒருவர் நெல் போட்டிருக்கிறார், தண்ணீர் நிற்க வேண்டும். பக்கத்தில் நிலக்கடலை, தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். சுவிட்ச் போடுகிறவர் யாரைப் பார்ப்பார்? நாலுக்கும் சராசரியாக ஒரு நேரம் வைப்பார். அது பெரும்பாலும் நிலம் அதிகம் உள்ளவருக்குத் தோதாக அமையும்.

பல நாடுகள் தங்கள் சொந்தப் பணத்தை விட்டுவிட்டு ஒரே பணத்தைப் புழங்குவதற்கு நாணய ஒன்றியம் என்று பெயர். யூரோ அப்படி ஒரு கூட்டுக் கிணறு. 1999ல் 11 நாடுகளோடு தொடங்கியது. கிரீஸ் 2001ல் சேர்ந்தது. ஒரு யூரோவுக்கு 340.75 டிராக்மா என்று கணக்கு முடித்துத் தன் பழைய பணத்துக்கு விடை கொடுத்தது. 2015ல் மொத்தம் 19 நாடுகள் இருந்தன. சுவிட்ச் இருப்பது ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், ஐரோப்பிய மத்திய வங்கியிடம். மத்திய வங்கி என்பது பணத்தை வெளியிட்டு, வங்கிகளுக்கெல்லாம் கடன் கொடுக்கும் வங்கி, நம் ரிசர்வ் வங்கி மாதிரி. அதன் வட்டி குறைந்தால் பணம் பாயும், கூடினால் வற்றும்.

2000களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் தொழில் மந்தமாக இருந்தது, குறைந்த வட்டி அதற்குத் தேவைப்பட்டது. கிரீஸிலோ செலவும் விலைவாசியும் ஏறிக்கொண்டிருந்தன, வட்டியைக் கூட்டியிருக்க வேண்டும். மோட்டார் ஜெர்மனிக்குத் தோதாக ஓடியது.

"ரூபாயும் இப்படித்தானே? தமிழ்நாட்டுக்கும் பீகாருக்கும் ஒரே ரூபாய்தானே?" என்று கேட்டால், நல்ல கேள்வி. வித்தியாசம் இதுதான்: இங்கே மத்திய அரசு எல்லா மாநிலங்களிலும் வரி வசூலித்து, நிதி ஆணையம் சொல்லும் கணக்கில் பிரித்துத் தருகிறது. ஏழை மாநிலம் கட்டுவதைவிட அதிகம் பெறும். பங்கீடு நியாயமா என்று நாம் சண்டை போடுகிறோம், அது தனிக் கதை. ஆனால் பொதுக் கஜானா என்று ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது பட்ஜெட் உறுப்பு நாடுகளின் வருமானத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். கிணறு கூட்டு, குதிர் தனித்தனி.

பெரிய இடத்துச் சம்பந்தம்

அரசுகள் கடன் வாங்கும்போது கொடுக்கும் எழுத்துக்குக் கடன் பத்திரம் என்று பெயர். இத்தனை வருடம் கழித்து இவ்வளவு தருகிறேன், அதுவரை இவ்வளவு வட்டி என்ற உறுதிமொழி அது. திரும்ப வருமா என்ற சந்தேகம் கூடினால் வட்டியும் கூடும்.

1990களின் பெரும்பகுதி கிரீஸ் இரட்டை இலக்க வட்டி கட்டியது. யூரோவில் சேர்ந்ததும் கிட்டத்தட்ட ஜெர்மனிக்குக் கிடைக்கும் வட்டிக்கே கடன் கிடைத்தது. பெரிய இடத்தில் சம்பந்தம் முடிந்ததும் மளிகைக்கடைக்காரர் தாராளமாகக் கணக்கு நோட்டைத் திறப்பாரே, அதே கதை. மாமனார் ஒருநாளும் "நான் கட்டுகிறேன்" என்று சொன்னதில்லை. ஒரு நாட்டின் கடனுக்கு இன்னொரு நாடு பொறுப்பல்ல என்றுதான் ஐரோப்பிய ஒப்பந்தத்திலும் எழுதியிருந்தது. கடைக்காரர்கள் அதை நம்பவில்லை, அவ்வளவுதான்.

2009 அக்டோபரில் ஜார்ஜ் பாப்பாண்ட்ரூ தலைமையில் புதிய அரசு வந்து கணக்கைத் திறந்து பார்த்தது. பற்றாக்குறை, அதாவது அரசின் வரவைவிடச் செலவு எவ்வளவு அதிகம் என்பது, நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 சதவீதத்துக்கும் மேல் என்று அறிவித்தது. பிறகு திருத்தித் திருத்தி அது 15 சதவீதத்தைத் தாண்டியது. யூரோ விதி அனுமதிப்பது 3 சதவீதம். கடைக்காரர்கள் நோட்டை மூடினார்கள். 2010 மே மாதம் யூரோ நாடுகளும் சர்வதேச நாணய நிதியமும் சேர்ந்து 11,000 கோடி யூரோ கடன் தர ஒப்புக்கொண்டன. கூடவே நிபந்தனைகள்: செலவைக் குறை, சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டு, வரியைக் கூட்டு.

விலைப் பலகையை மாற்ற இரண்டு வழிகள்

கடனில் மூழ்கிய நாடு வெளியே விற்றுச் சம்பாதிக்க வேண்டும். அதற்கு அதன் சரக்கு மலிவாக வேண்டும். சாண்டோரினித் தீவில் ஒரு ஹோட்டல் அறை ஒரு நாளைக்கு 17,000 டிராக்மா என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் 50 யூரோ. டிராக்மாவின் மதிப்பு பாதியாக விழுந்தால், ஜெர்மன்காரருக்கு அதே அறை 25 யூரோவுக்குக் கிடைக்கும். ஹோட்டல்காரர் தன் விலைப் பலகையைத் தொடவே இல்லை. அறையைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணின் சம்பளச் சீட்டிலும் எண் மாறவில்லை. இதற்குப் பெயர் மதிப்பிறக்கம். இது வலியில்லாத வைத்தியம் என்று நினைக்கவேண்டாம். அந்தப் பெண் வாங்கும் பெட்ரோலும் மருந்தும் விலை ஏறிவிட்டன. ஊருக்கே சம்பளம் குறைந்திருக்கிறது, சொல்லாமல்.

யூரோவில் இருக்கும்போது இந்த வழி அடைத்துவிடுகிறது. 50 யூரோ அறையை 25 யூரோ ஆக்க வேண்டுமென்றால் உண்மையாகவே எல்லோருடைய சம்பளத்தையும் விலையையும் வெட்ட வேண்டும். இதை உள்நாட்டு மதிப்பிறக்கம் என்கிறார்கள். 2012ல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 751 யூரோவிலிருந்து 586 யூரோவாக ஒரே வெட்டில் இறங்கியது.

இதில் ஒரு கோளாறு இருக்கிறது. சம்பளம் குறையும், வீட்டுக் கடன் தவணை குறையாது. தவணை போக மிச்சம் இல்லாதவர் கடைக்குப் போகமாட்டார், கடை மூடும், வேலை போகும், அரசுக்கு வரி வராது. கிரீஸின் பொருளாதாரம் சில வருடங்களில் நாலில் ஒரு பங்கு சுருங்கியது. 2013ல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது, இளைஞர்களில் பாதிக்கும் மேல். 2012ல் கடன் கொடுத்திருந்த தனியார்கள் 10,000 கோடி யூரோவுக்கும் மேல் விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகும், உற்பத்தியோடு ஒப்பிட்டால் கடன் 2009ல் இருந்ததைவிட அதிகமாகவே நின்றது. பாரம் கொஞ்சம் இறங்கியது, சுமக்கும் தோள் அதைவிட இளைத்துவிட்டது.

இதுவரை சொன்னதைக் கட்டிப் பார்த்தால்: கிரீஸ் பொது நாணயத்தில் சேர்ந்ததால் மலிவாகக் கடன் கிடைத்தது. கடன் கைமீறியபோது, பணத்தின் மதிப்பை இறக்கித் தப்பிக்கும் வழி அதே காரணத்தால் இல்லாமல் போனது. சம்பள வெட்டு மட்டும் மிஞ்சியது. "யூரோவை விட்டே போய்விடலாமே" என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. 2012 பிப்ரவரியில் சிட்டி வங்கியின் பொருளாதார அறிஞர்கள் அதற்குக் கிரெக்சிட் என்று பெயர் வைத்தார்கள்.

பவுனாக வாங்கிய கடன்

நாத்தனாரிடம் பத்துப் பவுன் நகையை வாங்கி அடகு வைத்தவருக்குத் தெரியும், திருப்பித் தரவேண்டியது பத்துப் பவுன். வாங்கிய அன்றைக்கு அதன் விலை எவ்வளவு என்பது யாருக்கும் தேவையில்லை. பவுன் விலை இரண்டு மடங்கானால் நம் சம்பளத்தில் அந்தக் கடனும் இரண்டு மடங்கு.

டிராக்மாவுக்குத் திரும்பிய கிரீஸுக்கு யூரோ கடன் இந்தப் பவுன் கடனாகிவிடும். 2015 வாக்கில் நாட்டின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் ஏறக்குறைய 180 சதவீதம். புதிய டிராக்மா பாதி மதிப்புக்கு விழுந்தால், டிராக்மாக் கணக்கில் அது 360 சதவீதம் பக்கம் போகும். "எங்கள் நாட்டுச் சட்டப்படி கடனையும் டிராக்மாவாக மாற்றிவிட்டோம்" என்று சொல்ல முடியாதா? கிரேக்கச் சட்டத்தின் கீழ் எழுதிய பத்திரங்களுக்குச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் 2012க்குப் பிறகு கடனின் பெரும்பகுதி மற்ற யூரோ நாடுகளிடமும் அவற்றின் மீட்பு நிதியிடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த எழுத்துகளைக் கிரேக்க நாடாளுமன்றம் மாற்ற முடியாது. ஆகவே வெளியேறினால் கடன் தானாக அழியாது. வெளியேறுவதோடு "கட்டமாட்டேன்" என்றும் சொன்னால்தான் குறையும். வெளியேறுவதும் கடனை மறுப்பதும் இரண்டு வேறு முடிவுகள். நம் பேச்சுகளில் இவை எப்போதும் ஒன்றாகவே கலந்து வருகின்றன.

சொந்த நோட்டு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இலங்கை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சொந்த ரூபாய், சொந்த மத்திய வங்கி. ஆனாலும் வெளிக் கடன் டாலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசே அறிவித்தது. டாலரை அமெரிக்காவைத் தவிர எந்த நாடும் சொந்தமாக அச்சடித்துக்கொள்ள முடியாதே.

வெளியேறலாம் என்பவர்கள் அர்ஜென்டினாவைக் காட்டுவார்கள். ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று 1991ல் சட்டம் போட்டுக் கட்டிவைத்த நாடு. 2002 ஜனவரியில் அந்தக் கட்டை அவிழ்த்தது. அந்த வருடம் பொருளாதாரம் 11 சதவீதம் விழுந்தது, அடுத்த சில வருடங்கள் வேகமாக எழுந்தது. எடுத்துக்காட்டு நல்லதுதான், ஒரு விஷயத்தைத் தவிர: அர்ஜென்டினாவின் சட்டைப்பையில் அதற்கு முன்பே பெசோ நோட்டு இருந்தது. கிரீஸ் முதலில் நோட்டையே உண்டாக்க வேண்டும்.

வங்கிதான் முதலில் விழும்

என் கணிப்பில், மொத்தச் சிக்கலின் முடிச்சு கடனில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

ஏதென்ஸில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வங்கியில் 10,000 யூரோ வைத்திருக்கிறார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். நாடு டிராக்மாவுக்குத் திரும்பலாம் என்று செய்தி கசிகிறது. ஒரு யூரோவுக்கு ஒரு புதிய டிராக்மா என்று மாற்றுவதாக வைத்துக்கொண்டால், அவர் கணக்கு ஒரு காலையில் 10,000 டிராக்மா ஆகும், கொஞ்ச நாளில் 5,000 யூரோ மதிப்புக்கு இறங்கும். இன்றே எடுத்து அலமாரியில் வைத்தால் அது யூரோ நோட்டு. டிராக்மா வந்தாலும் யூரோ யூரோதான். நாடு திரும்பவே இல்லை என்றாலும் அவருக்கு நஷ்டம் இல்லை, திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளலாம். எடுத்தால் இழப்பில்லை, விட்டுவைத்தால் ஆபத்து. அவர் என்ன செய்வார்? நீங்களும் நானும் செய்வதைத்தான். பணக்காரருக்கு அலமாரிகூட வேண்டாம். ஒரே நாணயம் என்பதால் ஜெர்மனியில் உள்ள கணக்குக்கு மாற்றிவிட்டால் முடிந்தது.

எந்த வங்கியும் போட்ட பணத்தை அப்படியே பெட்டியில் வைத்திருப்பதில்லை, கடனாகக் கொடுத்திருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் நல்ல வங்கியும் விழும். சாதாரணமாக அந்த நேரத்தில் மத்திய வங்கி கைகொடுக்கும். ஆனால் கிரீஸுக்குக் கைகொடுக்க வேண்டிய மத்திய வங்கி ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறது. அது ஒரு கட்டத்தில் போதும் என்றுவிட்டால், வங்கிகளைத் திறக்க ஒரே வழி சொந்தப் பணம். வெளியேற்றம் நாடாளுமன்றத் தீர்மானமாகத்தான் வரவேண்டும் என்றில்லை, வங்கி வாசல் வழியாகவும் வந்து நிற்கலாம்.

"ரகசியமாக வைத்து ஒரே ராத்திரியில் அறிவித்துவிடலாமே, 2016ல் நம் ஊரில் செய்யவில்லையா?" என்று கேட்கலாம். நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தில் 86 சதவீதம். புது நோட்டு போதாமல் நாம் வாரக்கணக்கில் வரிசையில் நின்றோம். அத்தனை கஷ்டத்திலும் ரூபாய் ரூபாயாகவே இருந்தது, வங்கிக் கணக்கில் இருந்த தொகையின் மதிப்பும் மாறவில்லை. கிரீஸ் மாற்ற வேண்டியது நோட்டை மட்டுமல்ல. ஒவ்வொரு சம்பள ஒப்பந்தம், வாடகைச் சீட்டு, காப்பீடு, கடன் எல்லாவற்றிலும் எழுதியிருக்கும் அலகை. அதுவும் நாடாளுமன்றத்தில் விவாதித்துச் சட்டமாக்கி. இதை ரகசியமாகச் செய்வது எப்படி?

செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 அன்று இரண்டு நாடாகப் பிரிந்தபோது பணத்தைக் கொஞ்ச காலம் பொதுவாகவே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஸ்லோவாக்கியப் பணத்தின் மதிப்பு விழும் என்று பயந்து மக்கள் செக் பக்கத்து வங்கிகளுக்குப் பணத்தை மாற்றினார்கள். ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. பிப்ரவரி 8 அன்று பிரித்து, பழைய நோட்டுகளில் ஸ்டாம்பு ஒட்டி இது உன்னுடையது, இது என்னுடையது என்று அடையாளம் வைத்தார்கள். அங்கே பிரிந்தவர்கள் பேசி வைத்துக்கொண்டு பிரிந்தார்கள், அப்படியும் இந்த நிலை.

சுருக்கமாக: வெளியேறினால் நாளை நன்மை வருமா என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. வெளியேறலாம் என்ற பேச்சே வங்கிகளை இன்றைக்கு வற்றவைக்கும் என்பதில் வாதம் கிடையாது.

துரத்த முடியுமா?

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தே விலக வழி உண்டு, பிரிட்டன் அப்படித்தான் போனது. ஒன்றியத்தில் இருந்துகொண்டு யூரோவை மட்டும் விடுவதற்கு ஒப்பந்தத்தில் பிரிவே இல்லை. ஒரு நாட்டை யூரோவிலிருந்து வெளியேற்றும் பிரிவும் இல்லை. சேர்ந்தால் சேர்ந்ததுதான் என்று நினைத்துக் கட்டிய வீடு அது. அதனால் "துரத்துகிறார்கள்" என்பது சட்டப்படி தவறு. ஆனால் தண்ணீரை நிறுத்தினால் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்?

2015, இரண்டு வாரம்

2015 ஜனவரியில் சிக்கன நடவடிக்கைகளை நிறுத்துவோம் என்று சொல்லி அலெக்சிஸ் சிப்ராஸ் ஆட்சிக்கு வந்தார். யூரோவை விடுவோம் என்று அவர் சொல்லவில்லை. யூரோவும் வேண்டும், வெட்டும் வேண்டாம் என்பதுதான் மக்களின் ஆசையும். ஐந்து மாதம் பேச்சுவார்த்தை இழுத்தது. 2009ல் 23,000 கோடி யூரோவுக்கு மேல் இருந்த வங்கி வைப்புகள் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டன. சிலர் பயந்து எடுத்தார்கள், சிலர் வேலை போய் வீட்டுச் செலவுக்கு எடுத்தார்கள். வங்கிகள் ஐரோப்பிய மத்திய வங்கி அனுமதித்த அவசரக் கடனில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

ஜூன் 27 நள்ளிரவு கடந்து, கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை மக்கள் வாக்கெடுப்புக்கு விடுவதாக சிப்ராஸ் அறிவித்தார். விடிவதற்குள் ஏடிஎம்களில் வரிசை. மறுநாள் ஞாயிறு, ஐரோப்பிய மத்திய வங்கி அவசரக் கடனின் உச்சவரம்பை இருந்த இடத்திலேயே நிறுத்தியது, சுமார் 8,900 கோடி யூரோ. இனி ஒரு யூரோ கூடுதல் கிடையாது. திங்கள்கிழமை வங்கிகள் திறக்கவில்லை. ஏடிஎம்மில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 60 யூரோ. 20 யூரோ நோட்டு தீர்ந்துபோன இடங்களில் 50 தான் வந்தது. கார்டு இல்லாத முதியவர்களுக்காகச் சில கிளைகளை மட்டும் திறந்து 120 யூரோ கொடுத்தார்கள். பணம் வெளியே போகாமல் அரசு போடும் இப்படிப்பட்ட வேலிக்கு மூலதனக் கட்டுப்பாடு என்று பெயர். ஜூன் 30 அன்று சர்வதேச நாணய நிதியத்துக்குக் கட்டவேண்டிய 150 கோடி யூரோ சொச்சத்தைக் கட்டவில்லை. வளர்ந்த நாடு ஒன்று அங்கே தவணை தவறியது அதுவே முதல் முறை.

ஜூலை 5 அன்று 61 சதவீதம் பேர் "வேண்டாம்" என்று வாக்களித்தார்கள். சாலைகளில் கொண்டாட்டம். ஆனால் வாக்குப்பெட்டியில் விழுந்த "வேண்டாம்" வங்கிப் பெட்டியில் பணமாக விழாது. ஜெர்மன் நிதியமைச்சர் வொல்ஃப்கங் ஷாய்ப்ளவின் தரப்பிலிருந்து ஒரு யோசனை வந்தது: ஐந்து வருடம் யூரோவிலிருந்து விலகியிருங்கள். துரத்தச் சட்டமில்லாத வீட்டில் "கொஞ்ச நாள் வெளியே இருந்துவிட்டு வாருங்களேன்" என்று சொல்வது மாதிரி. ஜூலை 12 மாலை தொடங்கி 17 மணி நேரம் பிரஸ்ஸல்ஸில் பேசி, 13 காலையில் சிப்ராஸ் ஒப்புக்கொண்டார். மக்கள் மறுத்ததைவிடப் பல இடங்களில் கடுமையான நிபந்தனைகள், பதிலுக்கு 8,600 கோடி யூரோ வரை புதுக் கடன். துரோகம் என்றவர்கள் உண்டு. வேறு என்ன செய்திருக்க முடியும் என்றவர்களும் உண்டு. மூடிய வங்கி, அச்சடிக்காத நோட்டு, இறக்குமதி செய்யும் எண்ணெய்க்கும் மருந்துக்கும் கையில் யூரோ இல்லை. இந்த நிலையில் இரண்டாமவர்கள் பக்கம்தான் எனக்கு நியாயம் அதிகம் தெரிகிறது.

வங்கிகள் ஜூலை 20 திறந்தன. வேலி மட்டும் உடனே போகவில்லை. மீட்புத் திட்டம் 2018 ஆகஸ்டில் முடிந்தது. கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2019 செப்டம்பர் 1 அன்று. ஒரு நாள்கூட யூரோவை விட்டு வெளியே போகாத நாட்டுக்கு, போகலாம் என்ற பயத்திலிருந்து மீள நாலு வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது.